முதுகில் ஒரு சிவப்புக் கோடு

அடிபட்ட நாய் முனகும். விழுந்த குழந்தை தெருவையே கூட்டும். மாடு வாயைத் திறக்காது.

குளம்புக் கவட்டையில் சீழ் பிடித்து, பின்னங்காலைத் தரையில் வைக்கவே முடியாத நிலையிலும் அது சத்தம் போடுவதில்லை. மந்தையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். அசை போடுவது குறையும். காதுகள் தளரும், முதுகு லேசாக வளையும். தீவனத் தொட்டிக்கு எல்லா மாடும் வந்த பிறகு கடைசியாக வரும். புலியும் ஓநாயும் துரத்திய காலத்தில் நொண்டுவது வெளியே தெரிந்தால் அந்த உயிர்தான் முதல் இரை. வலியை மறைக்கத் தெரிந்தவை பிழைத்தன. அவற்றின் வழிவந்தவைதான் இன்று தொழுவத்தில் நிற்கின்றன. மாட்டுக்கு வலியே தெரியாது என்று மனிதர்கள் இத்தனை காலம் நம்பியதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே இடத்தில் அடைத்துக் கொழுக்க வைக்கும் பண்ணைகள் உண்டு. அங்கே நொண்டும் மாட்டைக் குறுகலான இரும்புக் கூண்டுக்குள் ஓட்டிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அடுத்த வேலை தலையை இழுத்துக் கட்டுவது. கழுத்தில் பெரிய ரத்தக்குழாயைத் தேடிப்பிடித்து ஊசி ஏற்ற வேண்டும். இப்போது சில பண்ணைகளில் அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கிறது. கையுறை போட்ட பணியாள் அளவுகோடு போட்ட புட்டியைச் சாய்த்து, திமிலுக்குப் பின்னால் தொடங்கி வாலடி வரை முதுகுத்தண்டின் மேல் ஒரே இழுப்பில் ஊற்றிக்கொண்டு போகிறார். திரவம் சிவப்பு. எந்த மாட்டுக்கு மருந்து ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். கூண்டு திறக்கிறது, மாடு போய்விடுகிறது.

அந்த மருந்து ஃப்ளூனிக்சின். காய்ச்சலையும் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் வகையைச் சேர்ந்தது. இதைத் தோல் வழியாகக் கொடுக்கும் வடிவத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 ஜூலையில் அனுமதி கொடுத்தது. சுவாச நோயில் வரும் காய்ச்சலுக்காகவும், குளம்பழுகல் நோயின் வலிக்காகவும் கிடைத்த அனுமதி அது. இரண்டாவதாகச் சொன்னதை ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். உணவுக்காக வளர்க்கப்படும் ஒரு விலங்கின் வலியைக் கட்டுப்படுத்துவதற்கென்று அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். அப்போது ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் இருந்த நாடு. கொம்புக் குருத்தைச் சுடுகிறார்கள், காயடிக்கிறார்கள், சூட்டுக்கோலால் அடையாளம் போடுகிறார்கள். 2017 வரை, வலிக்கென்று பெயர் எழுதிய ஒரு மருந்துகூட மாட்டுக்குக் கிடையாது.

மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்பதல்ல இதன் பொருள். ஒரு நோய்க்காக அனுமதித்த மருந்தை வேறொன்றுக்குத் தம் பொறுப்பில் கொடுக்க 1994-ல் வந்த சட்டம் அவர்களுக்கு வழி விட்டிருந்தது. ஆனால் புட்டியின் மேல் ‘வலிக்கு’ என்ற சொல் ஏற வேண்டுமானால், மாட்டின் வலி குறைந்ததை எண்ணாகக் காட்ட வேண்டும். வாய் திறக்காத பிராணியின் வலியை எதை வைத்து அளப்பது? பல பத்தாண்டுகளாகத் தடையாக நின்ற கேள்வி இதுதான்.

அளக்க முடியாததை அளந்தவர்கள்

2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மதிப்பெண் போடும் முறை அது. அதன் பிறகு ஒவ்வொரு விலங்காக முகம் பார்க்கும் வேலை தொடங்கியது. கோபன்ஹேகனில் மாட்டின் ‘வலி முகம்’ எப்படியிருக்கும் என்பது 2015-ல் பதிவாயிற்று: பின்னுக்கோ கீழ்நோக்கியோ சாய்ந்த காதுகள், இறுகிய பார்வை, கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் தசை இறுக்கம், விரிந்த நாசி. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் செம்மறியாட்டுக்கும் அளவுகோல் வந்தது. பிரேசிலின் பொட்டுகாட்டு நகரத்துக் கால்நடை மருத்துவர்கள் காயடித்த காளைகளை மணிக்கணக்கில் படம் பிடித்து, நிற்கும் விதம், நடை, தீவனத்தில் ஆர்வம், காயத்தைத் திரும்பிப் பார்ப்பது, நக்குவது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட முறையொன்றை 2014-ல் வெளியிட்டார்கள்.

இவற்றைப் படிக்கிற எந்தத் தமிழ்நாட்டு விவசாயியும் ‘இது எங்களுக்குத் தெரியாததா’ என்றுதான் கேட்பார். உண்மைதான். மாட்டோடு பழகியவருக்கு அதன் கண்ணைப் பார்த்தாலே போதும். ஆனால் ஒருவருடைய கண்ணுக்குத் தெரிவது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சான்றாக நிற்காது. அழுத்தம் பதியும் பாய் மீது மாட்டை நடக்கவிட்டு, எந்தக் காலில் எவ்வளவு பாரம் வைக்கிறது என்று பதிவு செய்கிறார்கள். ரத்தத்தில் கார்டிசால் என்னும் நெருக்கடி நேரச் சுரப்பின் அளவை மணிக்கு மணி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வேலையைத் தொடர்ந்து முன்னெடுத்தவர்களில் ஒருவர் அயோவா, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய யோஹான் கோட்ஸி. கன்றுகளின் வலியைப் பற்றி இன்று எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஓலை வேய்ந்த கூரை

தோல் என்பது உள்ளே விடுவதற்காக ஏற்பட்டதல்ல. அதன் மேலடுக்கு, இறந்துபோன தட்டை உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடையில் கொழுப்புப் பூசிய அடுக்கு. ஓலைமேல் ஓலை வைத்து வேய்ந்த கூரை மாதிரி. மழை எவ்வளவு அடித்தாலும் உள்ளே சொட்டாது. அதற்குள் மருந்து நுழைய இரண்டு தகுதி வேண்டும். மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். எடை 500-க்குள் இருப்பவையே தாண்டும் என்பது பொதுவான கணக்கு. எண்ணெயிலும் ஓரளவு கரைய வேண்டும். ஃப்ளூனிக்சினின் எடை 296. அறுவை சிகிச்சைகளில் பயன்படும் ஃபென்டனில் 336. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் 234. மூன்றும் வாசலைத் தாண்டும். இன்சுலினின் எடை 5,800. அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் இன்னும் ஊசி குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டுத் தோல் தடிப்பானது, சரிதான். ஆனால் அது முழுக்க ரோமக்கால்கள். ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் உண்டு. அவை மருந்துக்குச் சந்து வழிகள். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் முதுகில் ஊற்றும் மருந்துகளைப் பண்ணைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகவே பழகியிருக்கிறார்கள். அதே பாதையில் வலி மருந்தையும் அனுப்பியதுதான் புதுமை.

அனுப்பியதில் எவ்வளவு போய்ச் சேருகிறது? அயோவாவில் ஹோல்ஸ்டீன் கன்றுகளில் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், ஊற்றிய ஃப்ளூனிக்சினில் ஏறக்குறைய பாதி ரத்தத்தை எட்டியது. சுமார் 2 மணி நேரத்தில் உச்ச அளவு வந்தது. ஊசியில் ஏற்றியதைவிடச் சற்று நீண்ட நேரம் உடலில் தங்கவும் செய்தது. கூரை வேய்ந்த வீட்டுக்குள் பாதி மழை இறங்கியது என்றால் அது பெரிய காரியம்தான்.

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாடு நக்கும். தன்னை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பதையும் நக்கும். தாய் கன்றை நக்குவது போலவே சிநேகமான இரண்டு மாடுகள் ஒன்றையொன்று கழுத்திலும் முதுகிலும் நக்கிக்கொடுக்கும். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் முதுகில் ஊற்றும் குடற்புழு மருந்தொன்றை ஆராய்ந்து 2003-ல் சொன்னது பலரை அதிர வைத்தது. தோல் வழியாகப் போகிறது என்று நம்பிய மருந்தில் பெரும்பகுதி நக்கியதன் மூலம் வாய் வழியாகவே உள்ளே போயிருந்தது. நக்க விடாமல் தடுத்த மாடுகளில் கணக்கே வேறாக இருந்தது. எந்த மாடு எதை நக்கும் என்பது நம் கையில் இல்லை. மருந்து ஊற்றாத மாட்டின் உடம்பிலும் அது சேரலாம். ஊற்றிய மாட்டுக்கு அளவு குறையலாம்.

ஈரமும் எதிரி. ஐரோப்பாவில் விற்கும் ஃப்ளூனிக்சின் முதுகு மருந்தின் குறிப்பில், காய்ந்த தோலில்தான் ஊற்ற வேண்டும், அதன்பின் குறைந்தது 6 மணி நேரம் அந்த இடம் நனையக் கூடாது என்று இருக்கிறது. மழைக்காலத்தில் திறந்த வெளியில் நிற்கும் மந்தைக்கு இதை எப்படிச் செய்வது என்று பண்ணைக்காரர் கேட்டால் அதற்குச் சுலபமான பதில் இல்லை.

பேட்ச் ஏன் ஆட்டோடு நின்றுவிட்டது

ஊற்றுவதைவிடச் சுத்தமான வழி ஒட்டுவது. மனித மருத்துவத்தில் இது பழைய சங்கதி. கப்பல் பயணக் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பேட்ச் 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெல்ஜியத்தின் பால் யான்சென் குழு உருவாக்கிய ஃபென்டனிலை 72 மணி நேரம் மெல்ல விடுவிக்கும் பேட்ச் 1990-ல் வந்தது. புற்றுநோயாளிகளின் கடைசி மாதங்களில் அது எத்தனையோ பேருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அதே பேட்ச் செம்மறியாட்டின் உடம்பிலும் ஏறியது. எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைகளை மனிதருக்குச் செய்யும் முன் சோதித்துப் பார்க்க உலகெங்கும் ஆடுகளை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆராய்ச்சிக் கூடங்களில் ஓர் ஆட்டுக்குப் பேட்ச் ஒட்டுவதைக் கிட்டத்தில் பார்த்தால் வேலையின் நிதானம் புரியும். அறுவைக்கு முந்தைய நாளே ஒட்டிவிட வேண்டும். மருந்து தோலுக்குள் ஊறி ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர பல மணி நேரம் ஆகும். ஒருவர் ஆட்டை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொள்கிறார். முன்னங்காலின் உட்புறத்தில் உள்ளங்கையளவு இடத்தில் ரோமத்தை மின்கத்தரியால் ஒட்ட வெட்டுகிறார்கள். சவரக்கத்தி கூடாது, சிறு கீறல் விழுந்தாலும் அந்த வழியாக மருந்து அவசரமாக உள்ளே இறங்கிவிடும். ஆட்டின் ரோமத்தில் லனோலின் என்கிற பிசுக்கு இருக்கிறது. அதைத் துடைத்தெடுக்காவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. துடைத்து, முழுக்கக் காய விட்டு, பேட்சை வைத்து உள்ளங்கைச் சூட்டோடு அழுத்திப் பிடிக்கிறார்கள். ஆடு பல்லால் பிய்த்துவிடாமல் இருக்க மேலே கட்டுத்துணி. துணியின்மேல் ஒட்டிய நாளும் நேரமும் எழுதுகிறார்கள். மூன்றாம் நாள் கழற்றும்போது எண்ணிக்கை சரிபார்த்து, கழற்றிய பேட்சைப் பூட்டி வைத்து அழிக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னது சம்பிரதாயம் அல்ல. மூன்று நாள் ஆன பேட்சிலும் கணிசமான மருந்து மிச்சம் இருக்கும். ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. கீழே விழுந்த பேட்சை நாய் மென்றாலோ, குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ உயிர் போகும். அமெரிக்காவில் போதை மருந்தாக ஃபென்டனில் செய்திருக்கும் நாசம் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவிலும் அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. சேறும் சாணமுமான தொழுவத்தில், நாலு மாடு உரசிக்கொண்டு நிற்கும் இடத்தில், பேட்ச் எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு காரணம் வெறும் எடைக் கணக்கு. ஃபென்டனிலின் வீரியம் அதிகம் என்பதால் மணிக்கு 100 மைக்ரோகிராம் போனாலே பெரிய ஆட்டுக்குப் போதும்; சிறிய பேட்சுக்குள் அது அடங்கிவிடும். ஃப்ளூனிக்சின் அப்படியல்ல. உடல் எடையில் கிலோவுக்கு 3.3 மில்லிகிராம் வேண்டும். 450 கிலோ காளைக்கு ஒன்றரை கிராம். திரவமாக ஊற்றினால் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி. அதையே பேட்சில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் தோலுக்குள் தள்ள வேண்டுமென்றால் பேட்ச் பாய் அகலத்துக்கு வேண்டியிருக்கும். ஆட்டுக்குப் பேட்ச், மாட்டுக்குச் சிவப்புக் கோடு என்று பிரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

பன்றிக்குட்டி விஷயத்தில் வேறொரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள். ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடுவது அதற்கே ஒரு துன்பம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாய்ப்பன்றியின் தீவனத்தில் மெலாக்சிகம் என்ற வலி மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். பால் வழியாக அது குட்டிகளுக்குப் போனது. காயடித்து வால் நறுக்கிய பிறகு, அந்தக் குட்டிகளின் கார்டிசால் அளவு குறைந்திருந்ததை 2014-ல் வெளியிட்டார்கள். தோல் வேண்டாம், ஊசியும் வேண்டாம், தாய் மடி போதும் என்ற யோசனை. இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவில் மனதைத் தொடுவது அதுதான்.

எரியும் இடத்திலேயே

சிவப்புக் கோட்டுக்கு எல்லை உண்டு. கன்றின் கொம்புக் குருத்தைப் பழுக்கக் காய்ந்த இரும்பால் சுட்டு எடுக்கும்போது முதுகில் ஃப்ளூனிக்சின் ஊற்றிப் பார்த்தார்கள். கார்டிசால் ஆரம்பத்தில் குறைந்தது. வலியைக் காட்டும் மற்ற அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதில் வியப்பில்லை. இவ்வகை மருந்து, காயத்துக்குப் பின் வரும் வீக்கத்தையும் தொடர்வலியையும் தணிக்கும். இரும்பு தோலைத் தொடும் அந்த நொடியின் வலியை நிறுத்தாது. அந்த நொடிக்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கன்றுக்கு நியாயம் கிடைக்கும். கொம்பு சுடும் இடத்தில் மரப்பு ஊசியும் வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பல நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

காயத்தின் மேலேயே மருந்து போடும் வழியில் அதிக தூரம் போன நாடு ஆஸ்திரேலியா. அங்கே மெரினோ ஆடுகளின் பின்புறத்தில் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மூத்திரமும் புழுக்கையும் படிந்த மடிப்பில் ஈ முட்டையிட்டு, புழுக்கள் உயிரோடு சதையைத் தின்னும். அதைத் தடுக்க, குட்டியின் பின்புறத் தோலைக் கீலங்கீலமாக வெட்டி எடுக்கும் வழக்கம் 1930-களில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் மியூல்ஸ். அவர் பெயராலேயே அது மியூல்சிங் எனப்படுகிறது. பல பத்தாண்டுகள் இதை எந்த மரப்பு மருந்தும் இல்லாமல் செய்தார்கள். புழுவுக்கு இரையாவதைவிட இது மேல் என்று பண்ணைக்காரர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் குட்டியின் கால்கள் தொட்டிலில் பூட்டப்பட்டு வெட்டு விழும் காட்சியைப் பார்த்த யாருக்கும் அந்த வாதம் சமாதானம் தராது.

சிட்னியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் மெரிடித் ஷீல் இங்கேதான் வருகிறார். காயம்பட்ட குழந்தைகளுக்குத் தையல் போடும் முன் காயத்தின் மேலேயே மரப்பு மருந்து தடவுவது குழந்தை மருத்துவத்தில் வழக்கம். அதே எண்ணத்தை அவர் ஆட்டுக்குட்டிக்குக் கொண்டுபோனார். ட்ரை-சால்ஃபென் என்ற பெயரில் வந்த அந்தக் கூழ்த் திரவத்தில் நாலு சரக்குகள்: சட்டென்று மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், நீண்ட நேரம் மரப்பை நிறுத்தி வைக்கும் புபிவகெய்ன், ரத்தக் கசிவை அடக்கும் அட்ரினலின், கிருமிக்கு எதிரான செட்ரிமைட். வெட்டு விழுந்த கையோடு காயத்தின் மேல் பீய்ச்சுகிறார்கள். இதற்குக் கூரை தடையே இல்லை. தோல்தான் அங்கே இல்லையே. விக்டோரியா மாநிலம் 2020 ஜூலை 1 முதல் வலி மருந்து இல்லாமல் மியூல்சிங் செய்யக் கூடாது என்று சட்டமாக்கியது. பக்கத்து நியூசிலாந்து 2018-லேயே அந்த வழக்கத்தை அடியோடு தடை செய்துவிட்டது. அதுவே நேர்மையான முடிவு. மருந்து வந்துவிட்டது என்பதற்காக வெட்டு சரியாகிவிடாது.

இந்தத் திரவத்துக்குக் கிடைத்த இரண்டாவது வேலை தமிழ் விவசாயிகளின் காதில் விழ வேண்டிய செய்தி. சிட்னி பல்கலைக்கழகத்தின் பீட்டர் வின்சரும் லாவோஸ் நாட்டுக் கால்நடைத் துறையினரும் இதைக் கோமாரி கண்ட மாடுகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கோமாரியில் நாக்கும் ஈறும் புண்ணாகி, கவட்டையில் கொப்புளம் உடைந்து, மாடு தின்னவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நிற்கும். நோய் வைரசால் வருவது; ஆன்டிபயாடிக் வைரசை ஒன்றும் செய்யாது. ஆனாலும் வேறு வழி தெரியாமல் அதைத்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். புண்ணின் மேலேயே மரப்பு மருந்து பீய்ச்சியபோது, மாடு சீக்கிரம் தீவனத்தில் வாய் வைப்பதை லாவோஸ் விவசாயிகள் கண்ணால் கண்டார்கள். தேவையில்லாத ஆன்டிபயாடிக் குறைந்தால் அது மனிதருக்கும் நன்மை.

2013-ல் தமிழ்நாட்டில் கோமாரி பரவியபோது டெல்டா மாவட்டங்களில் வாயில் நுரை தள்ள நின்ற மாடுகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வாய் வைக்கோலை மாடு வலியில்லாமல் மெல்வது என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை.

கழுகு தின்னும் மருந்து

தோல் வழி வைத்தியம் தமிழ் மண்ணுக்கும் புதிதல்ல. காலில் சுளுக்கு கண்ட காளைக்குச் சப்பையில் சூடு போடுவது கிராமங்களில் நெடுங்கால வழக்கம். ஒரு வலியை அடக்க இன்னொரு வலி. வெந்த தோலைத் தவிர அதனால் மாட்டுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை; அதை விட்டொழிப்பதே நல்லது. இன்னொரு பக்கம், மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் தடவும் முறையைத் தஞ்சாவூரில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சிப் பிரிவில் ஒழுங்குபடுத்திப் பரப்பினார். கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15 என்ற அளவு இன்று பால் கூட்டுறவுகள் வழியாக நாடெங்கும் போயிருக்கிறது.

அப்படியானால் அந்தச் சிவப்புக் கோட்டையும் இங்கே கொண்டுவந்துவிடலாமா? இங்கேதான் தயங்க வேண்டியிருக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் மாடு அல்ல, பாறுக் கழுகு.

இந்தியாவில் மாட்டின் வலிக்கு மருந்தே இல்லாமல் இருந்ததில்லை. 1990-களில் டைக்ளோஃபினாக் மலிவாகக் கிடைத்தது. நொண்டும் மாட்டுக்கும் காய்ச்சல் மாட்டுக்கும் தாராளமாகப் போட்டார்கள். மருந்து போட்டும் பிழைக்காத மாட்டின் சடலத்தைப் பாறுகள் தின்றன. தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இந்தக் காரணத்தைக் கண்டறிந்து 2004-ல் வெளியிட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. இத்தனை பெரிய அழிவுக்கு நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவாக மருந்து கலந்திருந்தாலே போதும் என்று கணக்கிட்டவர்கள் காட்டினார்கள். பசுவுக்குச் செய்த நல்லது, வானத்தையே காலி செய்தது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-ல் தடையாயிற்று. மனிதருக்கான பெரிய புட்டி மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015-ல் அது ஒரு வேளை அளவுக்குச் சுருக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. இப்போது ஃப்ளூனிக்சினுக்கு வருவோம். ஸ்பெயினில் 2012-ல் இறந்து கிடந்த காட்டுப் பாறு ஒன்றின் உடலில் ஃப்ளூனிக்சினும், அதே வகைச் சிறுநீரகச் சிதைவும் இருந்தன. இந்தியச் சூழலியலாளர்கள் இந்த மருந்தைப் பார்த்து அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பாறுகளில் பெரும்பகுதி முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கை நம்பிப் பிழைக்கும் சில நூறு பறவைகள். மாயாற்றின் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் அவை, காட்டோர ஊர்களில் இறக்கும் மாடுகளையும் தின்னும். மருந்து ஊசியில் போனதா, வாயில் போனதா, முதுகில் ஊற்றினார்களா என்று கழுகின் சிறுநீரகம் பிரித்துப் பார்க்காது. முதுகில் ஊற்றிய இடத்துத் தோலும் அதன் இரையில் சேர்த்திதான்.

பாலும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஃப்ளூனிக்சின் ஊற்றிய மாட்டின் பாலை 36 மணி நேரம் விற்கக் கூடாது. அமெரிக்காவில் அந்த மாட்டை 8 நாள் கழித்துத்தான் இறைச்சிக்கு அனுப்பலாம். 2017-ல் கிடைத்த அனுமதி கறவை மாட்டைச் சேர்க்கவே இல்லை. இரண்டு மாடு வைத்து, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்தில் மூன்று வேளைப் பாலைக் கீழே கொட்டச் சொல்வது லேசான காரியம் இல்லை. ஊசியில்லா மருந்து என்ற வசதி, அந்தக் குடும்பத்துக்கு அத்தனை பெரிய வசதியாகத் தெரியாது. அவர்கள் மாடு கையை நக்கும் மாடு. பிடித்துக் கட்ட இரும்புக் கூண்டு வேண்டியதில்லை.

இங்கே வேண்டியது வேறு. மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்பது 2006-லேயே நிறுவப்பட்டது. கன்றுகளில் அது ஒரு நாளுக்கும் மேல் ரத்தத்தில் நின்று வேலை செய்கிறது. வாய் வழியாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுவதும் உள்ளே சேர்ந்துவிடுகிறது. அதன் எடை 351, தோலின் கணக்குக்குள் வருவதுதான். முதுகில் ஊற்றுவதோ பேட்ச் ஒட்டுவதோ நம் ஊருக்கு வர வேண்டுமென்றால் அது மெலாக்சிகம் போன்ற மருந்தில் வரட்டும். வருவதற்கு முன் பாறுகளையும் பாலையும் வைத்துச் சோதிக்கப்படட்டும்.

அதுவரை செய்யக் கூடியவையும் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், கொம்பு நீக்குவதையும் காயடிப்பதையும் சூடு போடுவதையும் மூக்கணாங்கயிறு கோப்பதையும், விதித்த முறையில் செய்தால் வதை இல்லை என்று விலக்கி வைத்திருக்கிறது. மாட்டின் மூக்குத் தண்டில் துளை போடும் அந்த நிமிடத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், ஒருவர் கூரிய ஊசியைச் செருகுவார், கன்று முன்னங்காலை மடித்துத் தரையில் சரியும். அந்த மெல்லிய சவ்வில் முன்கூட்டியே மரப்பு மருந்து போட ஒரு சிறிய லிக்னோகெய்ன் புட்டியும் சில நிமிடப் பொறுமையும் போதும். அந்தப் புட்டி ஏற்கெனவே கால்நடை மருந்தகத்து அலமாரியில் இருக்கிறது.